சைக்கிளுக்குச் சட்டம் இல்லை

விழுந்த அன்றைக்கு எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். என்னைப் பார்க்க வருகிறவர்கள், ரத்தம் கொட்டியது, மயக்கம் போட்டது, ஆம்புலன்ஸ் வந்தது என்று அவர்களாகவே ஒரு கதையைக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. விழுந்தேன், எழுந்தேன், சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனேன்.

அண்ணாமலை நகரில் பல்கலைக்கழக அலுவலகம் ஒன்றில் உதவியாளராக இருக்கிறேன். ஓய்வு பெற இன்னும் சில வருடங்கள்தான். ஊழியர் குடியிருப்பிலிருந்து ஆபீசுக்கு சைக்கிளில்தான் போவேன். கல்யாணமாகி வந்த புதிதில் என் வீட்டுக்காரர் சொல்லிக்கொடுத்த சைக்கிள்; அதன்பிறகு ஸ்கூட்டி வாங்கலாம் என்று அவர் எத்தனையோ தடவை சொல்லியும் நான் மாறவில்லை. மழை விட்டிருந்த ஒரு ஐப்பசிக் காலை. கடைக்குப் போய்விட்டு அப்படியே ஆபீஸ் போகலாம் என்று கிளம்பியிருந்தேன். மெயின் ரோட்டில் ஹெல்மெட் சோதனை நடந்துகொண்டிருந்தது. எனக்கு முன்னால் பைக்கில் போன பையனை ஓரங்கட்டினார்கள். என்னைப் பார்த்து, நீங்க போங்கம்மா என்று காவலர் கையை வீசினார். வளாகத்துக்குள் நுழைந்து கொஞ்ச தூரம் போனதும், குழாய் பதித்து மூடிய பள்ளத்தில் மண் இறங்கியிருந்தது. முன்சக்கரம் அதில் இறங்கிற்று. என் தலையின் இடது பக்கம் ரோட்டோரக் கல்லில் போய்ப் பட்டது.

விடுதிப் பிள்ளைகள் இரண்டு பேர் ஓடிவந்து தூக்கினார்கள். காதுக்கு மேலே எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. ராத்திரி அவர் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுத்தார். நாலைந்து நாளில் வீக்கம் வடிந்துவிட்டது. நாங்கள் இரண்டு பேருமே அதை மறந்துபோனோம்.

இதயத்துக்காக டாக்டர் எழுதிக்கொடுத்த ஒரு சின்ன மாத்திரையை நான் தினமும் போட்டுக்கொள்வேன். ரத்தம் எளிதில் உறையாமல் பார்த்துக்கொள்ளும் மாத்திரை. அதையும் விடாமல் போட்டுக்கொண்டிருந்தேன்.

கார்த்திகையில் தலைவலி தொடங்கிற்று. விடியும்போதே வலியோடுதான் கண் விழிப்பேன். எழுந்து நடமாடினால் கொஞ்சம் குறையும். கண்ணாடியின் பவர் மாறியிருக்கும் என்று கடையில் போய்ப் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டேன். வலி போகவில்லை. அப்புறம் சோறு. பிசைந்து உருட்டி வாய்க்குக் கொண்டுபோகும் கவளம் பாதி வழியில் விரலிடுக்கில் நழுவி விழும். அவர் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். சாவியைக் கொடுங்க என்று சொல்ல நினைத்துக் கரண்டியைக் கொடுங்க என்றேன், அதற்கும் சிரித்தோம். ஒருநாள் ஆபீசில் எங்கள் பிரிவுப் பெண்கள் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வலது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்று தெரியவில்லை. வராந்தா முழுக்க வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறேன், தரையின் குளிர்ச்சி எனக்கு உறைக்கவே இல்லை.

அன்று மத்தியானம் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட உட்கார்ந்தேன். கலைச்செல்வி என்று முப்பது வருடமாகப் போட்டுவரும் கையெழுத்து. ‘கலை’ வரைக்கும் எழுதிவிட்டு நின்றேன். அடுத்து என்ன எழுத்து என்று தெரியவில்லை. பேனா தாளில் ஊன்றியபடியே இருந்தது. பக்கத்து மேசைப் பெண் என் தோளைத் தொட்டு, அக்கா, உங்க வீட்டு சாருக்கு போன் பண்ணவா என்று கேட்டாள்.

என் வீட்டுக்காரர் ராஜேந்திரன், குமராட்சிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியர். பள்ளிக்கூடத்தை அப்படியே போட்டுவிட்டு வந்தார். சிதம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு அழைத்துப்போனார். கூடத்தில் எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் நிறையப் பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் படம் வந்ததும் உள்ளேயிருந்து ஒரு டாக்டரம்மா தானாகவே எழுந்து வந்தார். தன் வேலையில் இருப்பவர் நம்மைத் தேடி எழுந்து வருகிறார் என்றால் அது நல்ல செய்தியாக இருக்காது.

“கடைசியா எப்பம்மா தலையில அடிபட்டுது?”

அடியே படவில்லை என்றார் அவர். நான்தான் யோசித்து யோசித்து, சைக்கிள் என்றேன்.

டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்து விளக்கினார். மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடித்த சவ்வு இருக்கிறது. அந்தச் சவ்வுக்கும் மூளைக்கும் இடையே நூல் மாதிரி மெல்லிய ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. தலை சட்டென்று குலுங்கும்போது அதில் ஒன்று அறுந்துபோகலாம். அறுந்த நூலிலிருந்து ரத்தம் ஒரேயடியாகக் கொட்டாது. சொட்டுச் சொட்டாகக் கசியும். வாரக்கணக்கில் சேரும். சேர்ந்தது கட்டிப்போய், கரைந்து, இன்னும் பெருத்து, பக்கத்தில் இருக்கும் மூளையை ஒருபக்கமாகத் தள்ளும். படத்தில் இடது பக்கம் பிறை மாதிரி ஒரு சாம்பல் நிறம் தெரிந்தது. மூளையின் நடுக்கோடு நேராக இருக்க வேண்டுமாம். எனக்கு அது வலது பக்கம் வளைந்து கிடந்தது. இடது மூளை அமுங்கினால் வலது கையும் காலும் பேச்சும் போகும் என்றார். செருப்பு, கவளம், கரண்டி எல்லாவற்றுக்கும் அந்தப் பிறைதான் காரணம்.

மூளை அறுவைக்கு இன்றைக்கே போக வேண்டும் என்றார். நாளைக்கு என்று சொன்ன என் வீட்டுக்காரரைப் பார்த்து, மெதுவாக, அவுங்க தூங்கிட்டு எழுந்திரிக்காம போயிடலாம் சார் என்றார். மெதுவாகச் சொன்னாலும் எனக்குக் கேட்டது.

கடலூரில் மூளை நரம்பு அறுவை செய்யும் டாக்டர் ஒருவர் தனியார் ஆஸ்பத்திரியில் இருந்தார். என் தம்பி சேகரின் வீடு செம்மண்டலத்தில், அங்கிருந்து கிட்டே. துணைக்கு ஆள் இருக்கும் என்று அங்கேயே காரில் போனோம். வழியெல்லாம் அவர் என்னைத் தூங்கவிடவில்லை. கண் சொருகும்போதெல்லாம் கையைத் தட்டி ஏதாவது கேட்பார். ஆலப்பாக்கம் தாண்டும்போது நம்ம பொண்ணு பேரு என்னா என்று கேட்டார். எனக்கு அவள் முகம் தெரிந்தது, கோயம்புத்தூரில் அவள் வீட்டு வாசல் தெரிந்தது, நாலு மாத வயிறு தெரிந்தது. பேர் வரவில்லை. அவர் முகத்தைத் திருப்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டார். அதற்கப்புறம் எதுவும் கேட்கவில்லை, கையை மட்டும் தட்டிக்கொண்டே வந்தார்.

மகளுக்குச் சொல்ல வேண்டாம் என்று சேகரும் அவரும் முடிவுசெய்திருந்தார்கள். என் போனை சேகரின் மனைவி சுதா வைத்துக்கொண்டாள். மகள் கூப்பிட்டால், அம்மா குளிக்கிறாங்க, அம்மா தூங்குறாங்க என்று சமாளிப்பாள். மூன்றாவது தடவை அழைப்பு வந்தபோது வெளியே போய்ப் பேசிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். பாதித் தலையை மழிக்க ஆள் வந்தபோது, முழுசா எடுத்துடுங்க, பாதி இருந்தா அவுங்களுக்குக் கஷ்டமா இருக்கும் என்று சொன்னவளும் அவள்தான். நீளமான அந்த முடியை ஒரு துணிப்பையில் போட்டு, பழனிக்குக் குடுத்ததா நெனச்சுக்குங்க அண்ணி என்றாள்.

ஆபரேஷன் என்று பெரிதாகப் பயந்தேன். மண்டை ஓட்டில் இரண்டு சின்ன ஓட்டை. அவ்வளவுதான் செய்வோம் என்றார் டாக்டர். ஒன்றில் நீர் விட்டு அலசினால் மற்றதன் வழியாகப் பழைய ரத்தம் வெளியே வந்துவிடும். பிறகு ஒரு மெல்லிய குழாயை உள்ளே விட்டு, மிச்சம் மீதி வடிய ஒரு பையோடு இணைத்துவிடுவார்கள். நினைவு திரும்பியபோது அந்தப் பை என் கட்டிலுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. வண்டியில் ஆயில் மாற்றும்போது வடிக்கும் பழைய ஆயில் மாதிரி கறுத்து, கெட்டியாக இருந்தது அதில் சேர்ந்திருந்தது. அவ்வளவு நாளும் அதைத் தலையில் சுமந்துகொண்டு நான் சமைத்திருக்கிறேன், ஆபீஸ் போயிருக்கிறேன்.

தலையைத் தூக்கக் கூடாது, தலையணை கூடாது, மல்லாந்தே கிடக்க வேண்டும் என்று உத்தரவு. தலையைத் தூக்கினால் காலியான இடத்தில் காற்றோ ரத்தமோ சேருமாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் பகலும் இரவும் ஒன்றாகத்தான் இருந்தன. எல்லா நேரமும் விளக்கு, எல்லா நேரமும் எங்கோ ஒரு கருவியின் சத்தம். என் சத்தமா பக்கத்துக் கட்டில் சத்தமா என்று தெரியாமல், அது நின்றால் யார் போவார்கள் என்று நினைத்துக்கொண்டே படுத்திருப்பேன். நர்சு வந்து விரலைப் பிடிக்கச் சொல்வாள், பேரைச் சொல்லச் சொல்வாள். கலைச்செல்வி என்று முழுசாக வந்த அன்று அவள் வெளியே போய் என் வீட்டுக்காரரைக் கூட்டிவந்தாள். மகள் பேரையும் சொன்னேன். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவர் சட்டை நுனியால் முகத்தைத் துடைத்தார்.

சாதாரண வார்டுக்கு வந்ததும் அவர் டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வியை நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஹெல்மெட் போட்டிருந்தா இது வந்திருக்குமா சார்?

“மண்டை ஒடையாம ஹெல்மெட் காப்பாத்தும் சார். உள்ள மூளை குலுங்குறத முழுசா நிறுத்தும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அடியோட வேகம் கொறஞ்சிருக்கும். இது வந்தே இருக்காதுன்னு எழுதிக் குடுக்க முடியாது. வர்றதுக்கு வாய்ப்பு கம்மியா இருந்திருக்கும்.”

டாக்டர் சொன்னதில் முன்பாதியை நான் கேட்டேன். பின்பாதியை அவர் கேட்டார்.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிய முதல் நாளே காலை வணக்கக் கூட்டத்தில் அவர் அறிவித்துவிட்டார். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து ஹெல்மெட் இல்லாமல் எந்த சைக்கிளும் கேட்டுக்குள் வரக் கூடாது. சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வந்து அதை என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் பல நாளைக்குப் பிறகு ஒரு தெளிவு இருந்தது. சேகர் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான்.

“மாமா, பைக்குக்குதான் சட்டம் இருக்கு. சைக்கிளுக்கு இல்லியே. நீங்க எப்படி நிறுத்துவீங்க?”

“இல்லாததாலதான் மச்சான் உங்க அக்கா இப்படிப் படுத்திருக்கா. பைக்குக்காரன நிறுத்துன ஆளு இவளப் போங்கம்மான்னு அனுப்பியிருக்காரு. தரை என்ன, வண்டியப் பாத்தா அடிக்குது?”

சுத்துப்பட்டு ஊர்லேருந்து வர்ற புள்ளைங்களுக்கு அரசாங்கம் குடுத்த சைக்கிளே பெரிய விஷயம், ஹெல்மெட்டுக்கு எங்க போவாங்க என்று சேகர் கேட்டான். பைக்குக்குச் சட்டம் வந்தப்பவும் இதையேதான் எல்லாரும் கேட்டாங்க, இப்ப வாங்கலியா என்றார் அவர். இரண்டு பேர் பக்கமும் எனக்குச் சரி என்றே பட்டது. பேச்சு இன்னும் தடுமாறிக்கொண்டிருந்ததால் சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன். அவருடைய பயம் இப்போதுதான் போய் நிற்க ஓர் இடம் கிடைத்திருக்கிறது என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் எச்சரித்தார். வடித்த இடத்தில் மறுபடி சேரலாம். சில பேருக்குச் சேரும். தலைவலி, சொல் தடுமாற்றம், கால் இழுப்பு எது வந்தாலும் உடனே வர வேண்டும். இல்லாவிட்டாலும் குறித்த நாளில் ஸ்கேன் எடுக்க வேண்டும். அதனால் சிதம்பரம் போகாமல் செம்மண்டலத்தில் தம்பி வீட்டிலேயே தங்கினேன். காலையில் கண் விழித்ததும் வலிக்கிறதா என்று தலைக்குள் தேடுவேன். வலி இல்லாவிட்டாலும் தேடித் தேடி ஒரு வலியைக் கண்டுபிடிப்பேன். சுதா காப்பி கொண்டுவந்தால், பேசுவதற்கு முன் அந்த வாக்கியத்தை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வேன். டம்ளர், டபரா, சர்க்கரை. எல்லாம் அதது இடத்தில் இருந்தது. இருந்தும் யாரோ வாசலில் வந்து நிற்பதைப் போலவே இருந்தது.

வாரக் கடைசியில் அவர் வந்து பள்ளிக்கூடத்துச் சேதி சொல்வார். முதல் திங்கட்கிழமை அவரே கேட்டில் நின்றாராம். கொஞ்சம் பேர் ஹெல்மெட்டோடு வந்தார்கள். சிலர் அப்பாவின் பைக் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வந்தார்கள். அது கண் வரைக்கும் இறங்கி, பக்கத்தில் வரும் பஸ்கூடத் தெரியாமல் ஓட்டினார்கள். ஒருவன் உள்ளே வந்துவிட்டு, மதிலுக்கு மேலாக ஹெல்மெட்டை வெளியே போட, அதையே மாட்டிக்கொண்டு அடுத்தவன் வந்தானாம். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு பிள்ளைகள் சைக்கிளை டீக்கடை ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து வந்தார்கள். கடைக்காரரிடம் சொல்லி அதையும் நிறுத்தினார். மாதக் கடைசியில் சைக்கிள் கொட்டகை முக்கால்வாசி காலி.

“அப்ப அதுங்க எப்படி வருதுங்க?” என்று கேட்டேன்.

மினி பஸ்ல, நடந்து, எப்படியோ வந்துடுறாங்க, கொஞ்ச நாள் போனா வாங்கிடுவாங்க என்றார். வருகை குறைந்திருக்கிறது என்பதைப் பிறகு சேகரிடம்தான் சொன்னாராம், என்னிடம் சொல்லவில்லை.

பொங்கல் கழிந்து ஸ்கேன் எடுக்கப் போனோம். படம் எடுத்துவிட்டு டாக்டர் கூப்பிடுவதற்காக வெளியே உட்கார்ந்திருந்தோம். என் வீட்டுக்காரர் போன் அடித்தது. உதவித் தலைமை ஆசிரியர். எழுந்து ஜன்னல் பக்கம் போனார். எனக்கு அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது. முதலில் எந்தப் பவித்ரா, பிளஸ் ஒன் பவித்ராவா என்று கேட்டார். அப்புறம் வெறும் உம், உம். அப்புறம் அதுவும் இல்லை. போனை வைத்த பிறகும் அங்கேயே நின்றார்.

பவித்ரா கொள்ளிடக் கரையோர ஊர்ப் பிள்ளை. அப்பா வெளிமாநிலத்தில் கட்டட வேலை. அம்மா அஞ்சலை நடவு, களையெடுப்பு என்று போகிறவள். அவர்கள் ஊருக்குள் மினி பஸ் வருவதில்லை. வெளியே ரோடு வரை நடக்க வேண்டும். அவ்வளவு நாளும் அரசாங்க சைக்கிளில் வந்துகொண்டிருந்த பெண், ஹெல்மெட் உத்தரவுக்குப் பிறகு அதை நிறுத்திவிட்டு, மாமன் மகன் பைக்கில் இன்னொரு தோழியோடு மூன்று பேராக வந்துகொண்டிருந்தாள். வாய்க்கால் வளைவில் வண்டி சறுக்கியிருக்கிறது. மற்ற இரண்டு பேருக்கும் சிராய்ப்போடு போயிற்று. பவித்ரா பின்னால் உட்கார்ந்திருந்தவள், மதகுக் கட்டையில் தலை அடித்திருக்கிறது. சிதம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நினைவில்லை.

இதை அவர் என்னிடம் சொல்லி முடிக்கவில்லை, அதற்குள் என் பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள். டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அவர் விளக்குவதற்கு முன்பே எனக்குத் தெரிந்தது. பிறை திரும்ப வந்திருந்தது. முன்னைவிட மெல்லியது, ஆனால் வளர்கிறது. மறுபடியும் திறந்து அலச வேண்டும், இன்றைக்கே சேர்ந்துவிடுங்கள் என்றார்.

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து நின்றார். என்னை விட்டுப் போக முடியாது, போகாமலும் இருக்க முடியாது. நானே சொன்னேன்: “சேகர் இருக்கான். நீங்க சைக்கிள் போங்க.”

சிதம்பரம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் என் வாயையே பார்த்தார். எனக்கும் காதில் விழுந்துவிட்டது. சேகர் வந்து சேரும்வரை இருந்துவிட்டு, அவர் பஸ் ஏறினார்.

மறுநாள் காலை என்னைத் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போவதற்குக் கொஞ்சம் முன்னால் வந்துவிட்டார். நேற்றுப் போட்டிருந்த அதே சட்டை. பொண்ணு எப்படியிருக்கு என்று கேட்டேன். நீ மொதல்ல முடிச்சிட்டு வெளிய வா என்றார். மயக்க மருந்து ஏறும் வரை, அவர் ஏன் பதில் சொல்லவில்லை என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு என்ன ஆகும் என்ற நினைப்பு அந்தத் தடவை வரவே இல்லை.

குழாயை எடுத்த பிறகுதான் சொன்னார். பவித்ராவுக்கும் அறுவை சிகிச்சை நடந்திருந்தது, என்னுடையதைப் போலச் சின்ன ஓட்டை இல்லை. மூளை வீங்கியிருந்ததால் மண்டை ஓட்டில் ஒரு பகுதியையே எடுத்து வைத்திருந்தார்கள். வீக்கம் வடிந்து சில மாதம் கழித்துத் திரும்ப வைப்பார்களாம். பிழைத்தால்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அஞ்சலை அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றிருக்கிறாள். திட்டுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்துத்தான் போனாராம். அவள் கையைக் கட்டிக்கொண்டு, ஒரு குற்றம் சொல்வது மாதிரிகூட இல்லாமல் சொன்னாளாம்:

“சைக்கிளு வீட்லதான் நிக்குது சார். நல்ல சைக்கிளு. பிரேக்கெல்லாம் நல்லா புடிக்கும்.”

அதைச் சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அழுதார். நான் கையைத் தூக்கி அவர் தலையைத் தொட்டேன். வலது கை தூக்க வந்தது. அதைக் கவனிக்கும் மனநிலை அப்போது எங்களுக்கு இல்லை.

அவர் உத்தரவை ரத்து செய்தார். கூட்டத்தில் அறிவிக்கவில்லை. வாட்ச்மேனைக் கூப்பிட்டு, இனிமே யாரையும் நிறுத்தாதீங்க என்று மட்டும் சொன்னார். ஒரு வாரத்தில் கொட்டகை நிறைந்துவிட்டது. ஹெல்மெட் வாங்கியிருந்தவர்களும் கழற்றிவிட்டார்கள். தினமும் காலையில் கேட்டில் போய் நிற்கிறார், அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. ஒவ்வொரு தலையா பாக்குறேன் கலை என்றார் ஒருநாள். இன்னிக்கு இதுல யாராவது விழுந்தா, அதுக்கும் நான்தான கேட்டத் தொறந்து வச்சிருக்கேன் என்றார்.

இப்போது சேகர் கட்சி மாறிவிட்டான். ஒரு பள்ளிக்கூடம் தனியாகச் செய்ததால்தான் இப்படி ஆயிற்று, நாடு முழுக்கச் சட்டமாக வந்தால் எல்லாரும் போடுவார்கள், கலெக்டருக்கு மனு எழுதலாம் மாமா என்கிறான். சட்டம் வந்தால் எத்தனை அஞ்சலை வீடுகளில் சைக்கிள் நின்றுபோகும் என்று நான் கேட்கிறேன். வராவிட்டால் எத்தனை தலை என்று அவன் கேட்கிறான். முன்பு இதில் முதல் ஆளாகப் பேசியவர் இப்போது எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறார்.

பவித்ரா பிழைத்தாள். நினைவு திரும்ப வெகுநாள் ஆயிற்று. எனக்கு இரண்டாவது தடவை வடித்த பிறகு எடுத்த படம் பரவாயில்லை. அடுத்தது ஜூன் மாதம். இந்த இடைவெளியில்தான் இதை எழுதுகிறேன். இதய மாத்திரையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதனால் இப்போது தலைக்குப் பதில் மார்புக்காகப் பயப்படுகிறேன். மகளுக்குக் குழந்தை பிறந்துவிட்டது. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னோம். இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை.

மே மாதம் பவித்ராவைப் பார்க்கப் போனோம். இரண்டு பக்கமும் நாணல் வளர்ந்த மண் ரோட்டில் கார் மெதுவாகப் போயிற்று. அஞ்சலை நாற்காலி எடுத்துப் போட்டாள். எடுத்த மண்டை ஓட்டுப் பகுதியை டாக்டர்கள் திரும்ப வைத்திருந்தார்கள். தலையில் காதிலிருந்து உச்சி வரை ஒரு தழும்பு ஓடிற்று. முடி முளைக்கத் தொடங்கியிருந்தது, எனக்கும் அதே அளவுதான். அவள் என் தலையைப் பார்த்தாள், நான் அவள் தலையைப் பார்த்தேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

பேச்சு மெதுவாக வந்தது. ஒவ்வொரு சொல்லையும் எங்கோ உள்ளேயிருந்து எடுத்து வைக்கிறாள் என்பது எனக்கு மட்டும் தெரிந்தது. தவறான சொல் கைக்கு வரும்போது கண்ணை மூடிக்கொள்வாள், நானும் அப்படித்தான் செய்வேன். மறுபடி பிளஸ் ஒன்னிலேயே சேரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். அவள் என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டாள்.

“நான்... எதுல வரட்டும் சார்?”

பஸ் என்று சொல்ல முடியாது, ஊருக்குள் பஸ் இல்லை. மெயின் ரோடு வரை நடக்க அவள் காலில் இன்னும் பலமில்லை. பைக் என்று யாரும் சொல்லப்போவதில்லை. நான்தான் சொன்னேன், டாக்டர் சரின்னு சொன்னதும் சைக்கிள்லயே வாம்மா, ஹெல்மெட் நாங்க வாங்கித் தர்றோம் என்று. அஞ்சலை தலையை ஆட்டினாள்.

பவித்ரா யோசித்தாள். கண்ணை மூடி, சொல்லைத் தேடி எடுத்தாள்.

“நான் மட்டும் போட்டா சிரிப்பாங்க. எல்லாரும் போட்டா... நானும் போடுறன் சார்.”

அவள் வீம்புக்குச் சொல்லவில்லை, அந்த வயசுப் பெண் கேட்கக்கூடிய நியாயமான விஷயம் அது. என் வீட்டுக்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் போட வேண்டும் என்றுதான் அவர் உத்தரவு போட்டார். அந்த உத்தரவுக்குப் பயந்துதான் அவள் பைக்கில் ஏறினாள். இப்போது அதே உத்தரவைத்தான் அவள் கேட்கிறாள், அது அவளுக்குத் தெரியாது.

சரிம்மா என்றும் அவர் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் திறக்க இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது.